அனுப்பிய மெயில் நமக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் படித்த மாணவர்கள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்தால் சார் வீட்டில் ஒரு காபி குடிக்காமல் போகமாட்டார்கள். எல்லோரையும் சேர்த்து ஒரு மெயில் குரூப் இருக்கிறது. குரூப்பின் ஒரே முகவரிக்கு மெயில் அனுப்பினால் போதும், அத்தனை பேருக்கும் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை மாலை, சார் அந்த குரூப்புக்கு ஒரு மெயில் அனுப்புகிறார். ஊரில் ஒரு மாணவிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும், முடிந்தவர்கள் உதவுங்கள் என்று எழுதி, பேங்க் அக்கவுன்ட் நம்பரையும் சேர்த்திருக்கிறார்.

அனுப்பிவிட்டு இன்பாக்ஸைப் பார்க்கிறார். மெயிலைக் காணோம். குரூப்பில் அவரும் ஓர் உறுப்பினர்தானே, அவருக்கும் ஒரு பிரதி வர வேண்டாமா? 'போகவில்லைபோல' என்று நினைத்து, மறுநாள் காலையில் மறுபடி அனுப்புகிறார். அதுவும் வரவில்லை. மாலையில் தலைப்பில் 'அவசரம்' என்று சேர்த்து மூன்றாவது முறை அனுப்புகிறார்.

புதன்கிழமை இரவு பழைய மாணவர் ஒருவர் போன் செய்கிறார். "சார், பணம் கேட்டு, அக்கவுன்ட் நம்பரோட ஒரே மெயில் மூணு தடவை வந்துச்சு. உங்க ஐ.டி-யை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கனு நினைச்சு, யாரும் பணம் போட வேண்டாம்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம்!"

முதல் மெயிலே எல்லோருக்கும் ஒழுங்காகப் போயிருக்கிறது. அவருக்கு மட்டும்தான் வரவில்லை. அதை நம்பி மறுபடி மறுபடி அனுப்பியதில், கையில் இருந்த நாலு நாளில் இரண்டு நாள் போய்விட்டது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், குடியிருப்போர் நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அலுவலக குரூப் என்று எங்கேயும் நடக்கக்கூடியது.

ஜிமெயில் என்ன செய்கிறது?

ஒவ்வொரு மெயிலும் அனுப்பப்படும்போது அதற்கென்று தனி அடையாள எண் ஒன்று ஒட்டப்படுகிறது. இதை 'மெசேஜ் ஐ.டி' என்பார்கள். ஆதார் எண் போல, ஒரு மெயிலுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. நீங்கள் குரூப்புக்கு அனுப்பும் மெயிலை, குரூப்பை நடத்தும் சர்வர் பெரும்பாலும் இந்த எண்ணை மாற்றாமலே எல்லோருக்கும் அனுப்புகிறது. உங்களுக்கும் ஒரு பிரதியை அனுப்புகிறது.

அது ஜிமெயிலுக்கு வந்து சேரும்போதுதான் விஷயமே. 'இந்த எண் உள்ள மெயில் ஏற்கெனவே இவருடைய சென்ட் பகுதியில் இருக்கிறதே. அதே மெயிலுக்கு இரண்டாவது பிரதி எதற்கு?' என்று இன்பாக்ஸில் காட்டாமல் விட்டுவிடுகிறது. இது கோளாறு அல்ல. இன்பாக்ஸில் ஒரே மெயில் இரண்டு முறை அடையாமல் இருக்க கூகுள் வேண்டுமென்றே செய்திருக்கும் ஏற்பாடு.

கல்யாணப் பத்திரிகையை ஊர் முழுக்கத் தபாலில் அனுப்பியவர், 'என் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லையே' என்று தபால்காரரிடம் கேட்பாரா? ஜிமெயிலின் கணக்கும் அதுதான்.

இதை மாற்ற ஜிமெயில் செட்டிங்ஸில் வழி இல்லை. ஃபில்டர் போட்டாலும் பலிக்காது. சர்வரிலேயே நடக்கும் வேலை என்பதால் போனை மாற்றினாலும், ஜிமெயிலை வேறு ஆப்பில் திறந்தாலும் அதே கதைதான். யாராவது உங்கள் மெயிலுக்குப் பதில் போட்டால் மட்டும், அந்தப் பதிலோடு சேர்ந்து உங்கள் மெயிலும் இன்பாக்ஸில் தலைகாட்டும்.

வாட்ஸ்அப்புக்குப் பழகிய நமக்கு இது புதிராக இருப்பதில் ஆச்சரியமில்லை. அங்கே குரூப்பில் போட்டது அடுத்த நொடியே நம் கண் முன்னால் இருக்கும். ஒரு டிக், இரண்டு டிக், நீல டிக் என்று போய்ச் சேர்ந்த சேதியும் கிடைக்கும். மெயில் அப்படியல்ல. அதில் 'அனுப்பியது' ஓர் அறை, 'வந்தது' வேறோர் அறை.

குரூப்பின் செட்டிங்கும் காரணமாகலாம்

கல்லூரிகள், தன்னார்வக் குழுக்கள் பலவும் 'மெயில்மேன்' என்ற இலவச மென்பொருளில் குரூப் நடத்துகின்றன. அதில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனி செட்டிங்ஸ் பக்கம் உண்டு. மூன்று விஷயங்களை அங்கே பாருங்கள்.

முதலாவது, 'நீங்கள் அனுப்பும் மெயில் உங்களுக்கும் வர வேண்டுமா?' என்ற கேள்வி. வழக்கமாக 'ஆம்' என்றுதான் இருக்கும். யாராவது 'இல்லை' என்று மாற்றியிருந்தால் பிரதி வராது.

இரண்டாவது, 'ஒரே மெயில் இரண்டு முறை வராமல் தடுக்கவா?' என்பது. இதுவும் வழக்கமாக 'ஆம்'. அப்போது, ஒரு மெயிலின் 'டு' அல்லது 'சிசி' வரிசையில் உங்கள் முகவரி இருந்தால், 'இவருக்குத்தான் நேரடியாகவே போகிறதே' என்று குரூப் தனியாக ஒன்றை அனுப்பாது.

மூன்றாவதுதான் ஜிமெயில்காரர்களுக்குக் கைகொடுப்பது. 'மெயில் அனுப்பியதும் ஒப்புகை வர வேண்டுமா?' என்று ஒரு கேள்வி இருக்கும். வழக்கமாக 'இல்லை' என்று இருப்பதை 'ஆம்' என்று மாற்றிவிடுங்கள். 'உங்கள் மெயில் கிடைத்தது' என்று ஒரு தகவல் வரும். அது வேறு அடையாள எண் கொண்ட புது மெயில் என்பதால் ஜிமெயில் அதை மறைக்காது.

நிஜமாகவே போகாமலும் இருக்கலாம்

எல்லா நேரமும் 'போயிருக்கும்' என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. இந்த நாலு காரணங்களால் மெயில் வழியிலேயே நின்றுவிடுவதுண்டு.

* குரூப்பில் சேர்ந்தது ஒரு முகவரியில், அனுப்பியது வேறொன்றில். போனில் இரண்டு மூன்று அக்கவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம். ஜிமெயில் முகவரியில் நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான். ஆனால், மெயில்மேனுக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்கள்.
* குரூப் அட்மின் ஒப்புதல் தந்த பிறகே மெயில்கள் போகும்படி வைத்திருக்கலாம். அவர் பார்க்கும்வரை உங்கள் மெயில் வரிசையில் காத்திருக்கும்.
* இணைப்பு பெரிதாக இருக்கலாம். ஜிமெயிலில் 25 எம்.பி வரைதான் இணைக்க முடியும். மெயில்மேனில் எதையும் மாற்றாமல் விட்டால், 40 கே.பி-க்கு மேலே போனாலே அட்மினின் ஒப்புதலுக்காக நிறுத்திவிடும். செல்போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோ போதும், அந்த எல்லையைத் தாண்ட.
* அனுப்பியவர் நிஜமானவர்தானா என்ற சோதனையில் மாட்டியிருக்கலாம். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியில் இருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு வேறு சர்வர் வழியாக வரும் மெயில்களை நிராகரிக்கச் சொல்லி விதியைக் கடுமையாக்கியது. போலி மெயிலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், குரூப் மெயில் எல்லாமே குரூப்பின் சர்வர் வழியாகத்தானே வரும்? உலகம் முழுக்கப் பல குரூப்களில் யாஹூ உறுப்பினர்கள் எழுதியது மற்றவர்களுக்குப் போகாமல் திரும்பியது. அதற்குப் பிறகுதான், அனுப்பியவர் பெயரோடு 'குரூப் வழியாக' என்று சேர்த்துக் காட்டும் வழக்கம் பரவியது.

மறுபடி அனுப்பும் முன்...

1. ஜிமெயில் ஆப்பில் மேலே இருக்கும் மூன்று கோடுகளைத் தொட்டு 'சென்ட்' பகுதியைத் திறங்கள். மெயில் அங்கே இருக்கிறதா? நெட் சரியில்லாமல் 'அவுட்பாக்ஸ்' பகுதியிலேயே தங்கிவிட்டதா? எந்த முகவரியில் இருந்து போயிருக்கிறது என்பதையும் பாருங்கள்.
2. 'போய்ச் சேரவில்லை' என்று ஏதாவது மெயில் திரும்பி வந்திருக்கிறதா? 'ஸ்பேம்' பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.
3. கூகுள் குரூப்ஸ் என்றால், போனின் பிரௌசரில் அந்தத் தளத்தைத் திறந்து உங்கள் குரூப்புக்குள் போங்கள். மெயில்மேன் என்றால், பழைய மெயில்களைச் சேமித்து வைக்கும் பக்கம் இருக்கும். அங்கே உங்கள் மெயில் தெரிந்தால் குரூப் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.
4. இதெல்லாம் சிரமம் என்றால், குரூப்பில் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு, "வந்துச்சா?" என்று கேளுங்கள். அரை நிமிட வேலை.
5. அடிக்கடி குரூப்புக்கு எழுதுபவரா? வேறு நிறுவனத்தின் மெயில் முகவரி ஒன்றையும் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். அங்கே பிரதி வந்து நிற்கும்.

'சிசி-யில் என் முகவரியையே போட்டுக்கொள்கிறேன்' என்று சிலர் செய்வதுண்டு. மெயில் இன்பாக்ஸுக்கு வரும்தான். ஆனால், அது நீங்கள் உங்களுக்கே அனுப்பிக்கொண்டது. குரூப்புக்குப் போனதற்கு அது அத்தாட்சி ஆகாது.

குரூப் மெயில் பழங்கதையா?

வாட்ஸ்அப் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மெயிலிலேயே வேலையைப் பகிர்ந்துகொண்டதால் நடந்தது. யுனிகோடு பரவுவதற்கு முன் பலர் பயன்படுத்திய 'டிஸ்கி' தமிழ் எழுத்துக் குறியீடும் மெயில் குரூப் விவாதங்களில்தான் உருவானது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15-ல் மூடப்பட்டது. கூகுள் குரூப்ஸில் மின்தமிழ் போன்ற குழுக்கள் உண்டு. போன் தொலைந்தாலும் நம்பர் மாறினாலும், பத்து வருடத்துக்கு முன்னால் எழுதியதைத் தேடி எடுக்க முடிவது குரூப் மெயிலின் பலம்.

வேங்கிக்கால் சாருக்கு வருவோம். போனை வைத்ததும், அந்த மாணவர் குரூப்பில் ஒரே வரி எழுதுகிறார்: 'சாரிடம் பேசிவிட்டேன். மெயில் அவருடையதுதான்.' இந்த மெயில் சாரின் இன்பாக்ஸுக்கும் வந்து சேர்கிறது. வியாழக்கிழமை முழுதாகக் கையில் இருக்கிறது.

இனி குரூப்புக்கு அனுப்பிய மெயில் உங்கள் கண்ணில் படாவிட்டால், மறுபடி அனுப்ப விரல் துடிக்கும். அந்த விரலால் முதலில் 'சென்ட்' பகுதியைத் தொடுங்கள். அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், ஒரு போன் போடுங்கள்!