மீதி 21,000 மூச்சு

கும்பகோணத்திலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மணிமணியான கையெழுத்து. தமக்கு வயது 74 என்று குறிப்பிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்.

முதல் கேள்வி: “ஐயா, எனக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். பத்மாசனம் போட இயலாதவளுக்குத் தியானம் கைகூடுமா?”

இரண்டாம் கேள்வி: “என் கணவர் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்கிறார். எழுந்து வந்ததும், காபி ஆறிவிட்டது என்று என்மேல் எரிந்து விழுகிறார். அப்படியானால் அந்தத் தியானத்தால் என்ன பயன்?”

முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் விடை எழுதிவிட்டேன். இரண்டாவது கேள்வி ஐந்து நாட்கள் என் மேசையிலேயே கிடந்தது. விடை தெரியாததால் அன்று. அந்தக் கணவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால். அவர் கும்பகோணத்தில் மட்டும் இல்லை. என் வீட்டுக் கண்ணாடியிலும் இருக்கிறார்.

எளியதை முதலில் பார்ப்போம்.

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் நான்கு பாதங்களைக் கொண்டது. வழக்கிலுள்ள பதிப்புகளில் மொத்தம் 196 சூத்திரங்கள். அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. உடல் அசையாமல் இருக்க வேண்டும். அதே வேளையில் வருத்தமின்றியும் இருக்க வேண்டும். அவர் கேட்பது இவ்வளவுதான். எந்தக் காலை எந்தத் தொடைமேல் வைப்பது என்று அங்கே அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதற்கு ஏடு புரட்டவும் தேவையில்லை. சிவாலயத்தில் தெற்குக் கோஷ்டத்தின் முன் நின்று பாருங்கள். ஞானமே வடிவான தட்சிணாமூர்த்தி, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுத்தான் அமர்ந்திருக்கிறார். நாம் நாற்காலியில் அமர்ந்து இரண்டு காலையும் தொங்கவிட்டால் குறையொன்றும் இல்லை.

மைசூரில் பல்லாண்டுகள் யோகம் பயிற்றுவித்துப் பின்னர் சென்னையில் குடியேறி, 1989-ல் நூறு வயதைக் கடந்த நிலையில் மறைந்த திருமலை கிருஷ்ணமாசாரியார், ஆளுக்கும் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை அமைத்துத் தருவதையே தம் வழியாகக் கொண்டிருந்தார். உடலுக்காகப் பயிற்சியே அன்றி, பயிற்சிக்காக உடல் அன்று. எங்கள் ஊர்க் கோயிலின் வசந்த மண்டபத்தில் என்னிடம் பயிலும் 22 பேரில் 14 பேர் நாற்காலிக்காரர்கள்தாம். அவர்களுடைய தியானம் தரையில் அமர்பவர்களின் தியானத்தைவிட ஓர் அங்குலமும் தாழ்ந்ததாக நான் கண்டதில்லை.

இனி இரண்டாவது கேள்வி.

வங்கியில் 34 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பிறகு யோகம் கற்றுக்கொண்டவன் நான். பழைய தொழில் விடுமா? தியானத்துக்கும் ஒரு கணக்கேடு போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்த நிமிடங்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர, ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளும் பதிவு விடுபடவில்லை. அந்த ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவிக்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் மறதி தொடங்கியது. மருத்துவரிடம் காட்டி, மருந்தும் கொடுத்து வருகிறோம். வெகுநாளைய செய்திகளெல்லாம் அவளுக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. சற்றுமுன் நடந்தது மட்டும் நழுவிவிடுகிறது.

சென்ற மார்கழியில் ஒரு நாள். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. நான் அறைக்குள் கண்மூடி அமர்ந்திருந்தேன். கதவு மெல்லத் திறந்தது.

“பால்காரருக்குப் பணம் கொடுத்தாச்சா?”

கண்ணைத் திறக்காமலே தலையசைத்தேன். கதவு மூடியது. பத்து நிமிடம் சென்றது. மறுபடியும் கதவு, அதே கேள்வி. “கொடுத்தாச்சும்மா” என்றேன். சற்று நேரத்தில் மூன்றாம் முறையும் கதவு திறந்தது. என்ன ஆயிற்றோ, கத்திவிட்டேன்.

“எத்தனை தடவை சொல்றது? ஒரு மனுஷன் தியானத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் மறுபடியும் கண்ணை மூடி, எஞ்சிய நேரத்தையும் நிறைவு செய்துவிட்டு, ஏட்டில் எழுதினேன்: 4.50 முதல் 5.30 வரை. 40 நிமிடம். அந்த வரியில் வேறொன்றும் எழுதவில்லை.

அன்று மாலை சமையலறையில் உப்பு ஜாடியை எடுத்தபோது, அதன் அடியில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறம். அவளுடைய கையெழுத்து. ‘பால் பணம் கொடுத்தாச்சு. அவரிடம் கேட்க வேண்டாம்.’ கடைசி இரண்டு சொற்களின் கீழே இரண்டு கோடுகள்.

பால் பணம் மறந்துபோகிறது. ஆனால் என் கோபம் மறந்துவிடக் கூடாதே என்று அவள் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வங்கியில் பணியாற்றியவர்களுக்கு ஒரு வகைப் பிழை நன்கு தெரியும். ஒருவர் செலுத்திய தொகையைத் தவறுதலாக வேறொருவர் கணக்கில் வரவு வைத்துவிடுவோம். மாலையில் கூட்டிப் பார்த்தால் பற்றும் வரவும் ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போகும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் உரியவருக்குப் பணம் போய்ச் சேர்ந்திராது. அவர் வந்து கேட்கும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது. கூட்டல் சரியாக இருப்பதே அதை மறைத்துவிடும்.

என் தியான ஏடும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை சரி. யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அவள் வந்து கேட்டாள். நான் கத்தினேன்.

மறுநாள் யோக சூத்திர நூலை எடுத்தேன். முதல் பாதத்தில் 34-வது சூத்திரம் மூச்சைப் பற்றியது. மூச்சை வெளியே விட்டு நிறுத்திப் பழகுவதாலும் மனம் தெளியும் என்பது அதன் கருத்து. என் வகுப்புகளில் நூறு முறையாவது விளக்கியிருப்பேன். அதன் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள் நிறைந்திருந்தன. அதற்கு முந்தைய 33-வது சூத்திரத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது.

அங்கே முனிவர் சொல்வது என்ன? இன்புற்றிருப்போரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நல்லோரைக் கண்டு மகிழ்ச்சி, தீயோரிடம் பொருட்படுத்தாமை. இந்த நான்கையும் பழகப் பழக மனம் தெளிவடைகிறது என்கிறார். மனம் தெளிவதற்கான வழிகளை வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறவர் முதலில் வைப்பது இதை. மூச்சு இதற்குப் பின்னர்தான் வருகிறது. பிற மனிதர்களிடம் எப்படி இருக்கிறோம் என்பது முதற்பாடம்; மூச்சு இரண்டாம் பாடம். நான் முதற்பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் தேர்ச்சி பெற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு உறுப்புகளின் வரிசையும் இதையே காட்டுகிறது. முதலில் இயமம், அதிலும் முதன்மையானது அகிம்சை. அடுத்து நியமம். அதன் பிறகே ஆசனம், பிராணாயாமம். நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தையும் நியமத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஆசனத்துக்கு வருகிறார். அகிம்சை என்றால் ஆட்டையும் கோழியையும் கொல்லாதிருப்பது என்ற அளவில் நான் நிறுத்திக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று கேள்வி கேட்பவள் அஞ்சாதிருக்கும்படி விடை சொல்வதும் அதில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை மாதத்தில் அவளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் சென்றேன். பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் ஆடல்வல்லானின் திருநடனம் காணத் தவமிருந்த தலமல்லவா! கூட்டம் குறைவு. பொற்கூரையை நிமிர்ந்து பார்த்தபடி நின்றோம். அதில் வேய்ந்துள்ள ஓடுகள் 21,600 என்றும், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் கணக்கு அது என்றும், 72,000 ஆணிகள் நாடிகளைக் குறிக்கும் என்றும் மரபாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் மணிக்கு 900. 24 மணி நேரத்துக்கு 21,600. கணக்கு ஒத்துவருகிறது.

அங்கே நின்றபடியே மனம் இன்னொரு கணக்கையும் போட்டது. என் தியானம் 40 நிமிடம். அதற்குக் கூடிப்போனால் 600 மூச்சு. ஐந்தாண்டுகளாக நான் ஏட்டில் பதிந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அந்த 600-ஐத்தான். மீதி 21,000?

காபி குடிக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, தொலைபேசியில் பேரனிடம் பேசும்போது, மனைவி கேட்பதற்கு விடை சொல்லும்போது ஓடிக்கொண்டிருக்கும் மூச்சு அது. கூரையில் 600 ஓடு மட்டும் வேய்ந்து மற்ற இடத்தைத் திறந்து போட்டால் மழை உள்ளே வராதா?

“செருப்பை எங்கே விட்டோம்?” என்று கேட்டாள்.

“கீழைக் கோபுர வாசலில் விட்டோம்மா.”

பிராகாரம் சுற்றும்போது மறுபடியும் கேட்டாள். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். முதல்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, முதல்முறை சொல்வதுபோல் சொன்னேன். வெளியே வருவதற்குள் நான்கு முறை கேட்டுவிட்டாள். அன்று நான் செய்த யோகம் அந்த நான்கு மூச்சுதான்.

வாசக அன்பர்கள் செய்து பார்க்க எளிய பயிற்சி ஒன்று. நாற்காலியில் முதுகை நேராக வைத்து அமருங்கள். இரு பாதங்களும் தரையில் பதியட்டும். மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி; 12 சுற்றுக்கு இரண்டே நிமிடம். எண்ணுவதற்குப் பதில் இஷ்ட தெய்வத்தின் நாமத்தைச் சொல்லிக்கொள்ளலாம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்த வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இது காலைப் பயிற்சி. நாள் முழுவதற்குமான பயிற்சி இன்னும் சிறியது. யாராவது ஒன்றைக் கேட்டு, எரிச்சலான விடை நாவின் நுனிவரை வந்துவிட்டதா? ஒரே ஒரு மூச்சை முழுமையாக வெளியே விடுங்கள். பிறகு பேசுங்கள். பெரும்பாலும் பேசவிருந்த சொல் மாறியிருக்கும்.

இப்போது நான் முழுதும் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது இயமத்தின் இரண்டாவதான வாய்மைக்கு மாறாகும். வாரத்தில் ஒரு முறையாவது குரல் உயர்ந்துவிடுகிறது. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும் பயிற்சியே வேரூன்றும் என்பது பதஞ்சலியின் கருத்து. ஆகவே தவறிய இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன். கணக்கேடு இப்போதும் உண்டு. ஆனால் நிமிடம் எழுதுவதில்லை. அன்று குரல் உயர்ந்ததா, இல்லையா என்று மட்டும் எழுதுகிறேன். தியான அறையின் கதவை இப்போது சாத்துவதும் இல்லை.

இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். “எழுதுங்கள். நான் மறந்ததை மட்டும் எழுதாமல், நீங்கள் கத்தியதையும் எழுதுங்கள்” என்றாள். எழுதிவிட்டேன்.

கும்பகோணத்து அம்மையாருக்கு: தங்கள் கணவரின் தியானம் வீணன்று. அது இன்னும் உரிய கணக்கில் வரவாகவில்லை, அவ்வளவுதான். காபி ஆறிய கோபத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவர் அமைதியாக இருக்கும் வேளை பார்த்து, மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். என் மனைவி சொல்லாமல் எழுதி வைத்துக்கொண்டாள். அந்தத் துண்டுத் தாள் இன்று என் யோக சூத்திர நூலில், 33-வது சூத்திரம் உள்ள பக்கத்தில் இருக்கிறது.

சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து அவருடைய ஆசனப் பலகையின் மீது வைத்துவிடுங்கள். நாளை விடியற்காலையில் கண்ணை மூடுவதற்கு முன் அவர் படித்துக்கொள்ளட்டும்.