சோபாவை விற்கப் போய் சேமிப்பை இழப்பதா? பணம் வாங்க ‘பின் நம்பர்’ எதற்கு?

சென்னை வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் ஐடி ஊழியருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். சோபாவைப் படம் எடுத்து, 8,000 ரூபாய் என்று ஆன்லைனில் விளம்பரம் போடுகிறார். பத்தே நிமிடத்தில் போன் வருகிறது.

“சார், நான் ராணுவத்துல இருக்கேன். இப்பதான் சென்னைக்கு டிரான்ஸ்ஃபர். சோபா பிடிச்சிருக்கு, பேரமே வேண்டாம். பணத்தை இப்பவே போட்டுடறேன், நாளைக்கு ஆள் வந்து எடுத்துக்குவான்.”

வாட்ஸ்அப்பில் 5 ரூபாய்க்கு ஒரு க்யூஆர் கோடு வருகிறது. “டெஸ்ட்டுக்கு ஸ்கேன் பண்ணுங்க சார்.” ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும், கணக்கில் 10 ரூபாய் வந்து விழுகிறது. அட, நிஜமாவே வருதே! அடுத்து 8,000 ரூபாய்க்கு ஒரு கோடு. அதே போல ஸ்கேன், அதே போல பின். இந்த முறை பணம் வரவில்லை, போய்விட்டது. “ஐயோ, சர்வர் பிரச்சினை சார். 16,000-க்கு இன்னொரு கோடு அனுப்பறேன், ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்கிறது அதே குரல். பதற்றத்தில் அதையும் ஸ்கேன் செய்பவர்கள் உண்டு.

சூட்சுமம் எங்கே?

முதல் ஸ்கேனிலேயே விற்பவரின் 5 ரூபாய் போய்விட்டது. அதே நேரத்தில் மறுமுனையில் இருப்பவர் தனியாக 10 ரூபாய் அனுப்பினார், அவ்வளவுதான். ‘ஸ்கேன் பண்ணினால் பணம் வரும்’ என்ற நம்பிக்கையை 10 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார்.

யுபிஐ 2016-ல் அறிமுகமானது. அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை விதி மாறவில்லை. பின் நம்பர் என்பது கணக்கிலிருந்து பணத்தை வெளியே அனுப்புவதற்கான சாவி. பேலன்ஸ் பார்க்கவும் அது தேவைப்படலாம். ஆனால், பணம் வாங்குவதற்குப் பின் நம்பர், ஓடிபி, ஸ்கேன் என எதுவுமே தேவையில்லை. விற்பவர் தன் யுபிஐ ஐடியையோ க்யூஆர் கோடையோ காட்டினால் போதும். ஸ்கேன் செய்ய வேண்டியவர் வாங்குபவர்தான். கறிகாய் கடையில் தினமும் நடப்பதும் அதுதானே? கடைக்காரர் யாருடைய கோடையும் ஸ்கேன் செய்வதில்லை.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது

நேரில் வருபவர்களிடம் வேறு வகை ஏமாற்று இருக்கிறது. ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று பச்சை டிக் காட்டும் போலி செயலிகள் உண்டு. வங்கி அனுப்பியது போலவே இருக்கும் எஸ்எம்எஸ்ஸை சாதாரண மொபைல் நம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அதில் இன்னொரு வகை: 1,500 ரூபாய் பொருளுக்கு ‘15,000 வரவு’ என்று மெசேஜ் வரும். “ஒரு சைபர் அதிகமா போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்ச பணம்” என்று கெஞ்சல் வரும். வந்தது வெறும் மெசேஜ். அனுப்பினால் போவது நிஜப் பணம்.

எனவே வாங்குபவரின் போனைப் பார்க்க வேண்டாம், எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பொருள் வாசல் தாண்டக் கூடாது. “நெட்வொர்க் ஸ்லோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்” என்றால், அந்த அஞ்சு நிமிடம் அவரும் காத்திருக்கட்டும்.

நிஜமாகவே பணம் வந்தாலும்...

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. வந்த பணம் வேறு யாரிடமோ மோசடி செய்து பறித்ததாக இருக்கலாம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால், அந்தப் பணம் போன வழியெல்லாம் உள்ள கணக்குகள் முடக்கப்படலாம். நேர்மையாக லேப்டாப் விற்றவரின் சம்பளக் கணக்கும் அதில் சிக்கலாம்.

இதற்கு நூறு சதவீதத் தடுப்பு இல்லை. ஆனால், பணம் அனுப்பியவர் பெயரும் எதிரில் நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பார்க்கலாம். “ஃப்ரெண்ட் அக்கவுண்ட்லேருந்து போடறேன்” என்றால் மறுத்துவிடலாம். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், பொருளின் பழைய பில் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால், நடந்தது நிஜ விற்பனைதான் என்று காட்ட உதவும்.

பெரிய தொகை என்றால்?

பைக், கார் போன்றவற்றுக்கு வங்கிக் கிளையிலேயே சந்திப்பது நல்லது. ரொக்கமாகக் கொடுத்தால் அங்கேயே கணக்கில் கட்டிவிடலாம்; கள்ள நோட்டுப் பயம் இல்லை. ஆனால், ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். செக் கொடுத்தால், அது பாஸாகிப் பணம் கணக்கில் சேரும்வரை வண்டிச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. “வீட்டுல தெரிஞ்சா அசிங்கம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்குத்தான் லாபம்.

“படிச்சவங்க இப்படி ஏமாறலாமா?” என்று கேட்பது சுலபம். ஆனால் வீட்டைக் காலி பண்ணும் அவசரத்தில், நாளுக்குப் பத்து முறை பின் போட்டுப் பழகிய விரல் யோசிப்பதில்லை. திட்டுவதைவிட விதியை மாற்றுவது பலன் தரும். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதி மோசடிக்குப் பயன்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்தும்படி வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் என்பிசிஐ உத்தரவிட்டது. சரியான முடிவு. இன்னொரு படியும் போகலாம்: பின் நம்பர் கேட்கும் திரையில் ‘இந்தப் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது’ என்று பெரிய எழுத்தில், தமிழில் காட்ட செயலிகளுக்கு என்ன தடை?

அதுவரை ஒரு வரி நினைவில் இருந்தால் போதும். பணம் வாங்க எதையும் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் வாங்க வந்தவர் இல்லை.