ஓய்வுக் காலத்தில் படகின் எண்ணெய்த் தொட்டி

நம் நாட்டின் விசைப்படகுகள் ஆண்டுதோறும் 61 நாட்கள் ஆழ்கடலில் மீன் பிடிக்கச் செல்லலாகாது என்பது மத்திய அரசின் விதி. மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் இத்தடை நிலவுகின்றது. இக்காலத்தில் படகுக்காரர் பலகை மாற்றுவர், வர்ணம் பூசுவர், வலையைச் செப்பனிடுவர், வசதியுள்ளோர் எஞ்சினையும் பிரித்துப் பூட்டுவர். எண்ணெய்த் தொட்டியையோ பெரும்பாலோர் நினைப்பதில்லை. அது மூடிய பாத்திரந்தானே, அதனுள் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்பது அவர்கள் எண்ணம்.

உள்ளே நேர்வது சிறிதன்று. டீசலைவிட நீர் கனமானது. ஆதலின் தொட்டிக்குள் எவ்வழியேனும் புகுந்த நீர் அடியில் தங்கிவிடும். படகு நாள்தோறும் கடலில் அசைந்து, எண்ணெயும் நாள்தோறும் செலவாகிக் கொண்டிருக்கும்வரை இந்நீர் சிறிது சிறிதாக வடிகட்டியில் பிடிபட்டு வெளியேறும். படகு அசையாது நின்றுவிட்டாலோ, நீரும் எண்ணெயும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. நீரில் வாழ்ந்து எண்ணெயை உண்பவை அவை. பாக்டீரியா, காளான் ஆகிய இரு இனங்களும் அவற்றுள் உண்டு. விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகளில் தொல்லை விளைத்து விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்த ஹார்மோகோனிஸ் ரெசினே என்னும் காளான் டீசலிலும் வளர்வதாகும். இரண்டு மாதங்களில் இவை கருமையும் வழவழப்பும் உள்ள ஒரு படலத்தை அடியில் விரித்துவிடும். இவை வெளியிடும் அமிலப் பொருள்கள் இரும்புத் தொட்டியை அரிப்பதும் உண்டு.

இப்படலம் அமைதியான நீரில் தன்னை வெளிக்காட்டாது என்பதே இதில் உள்ள அபாயம். தடை முடியும் தறுவாயில் மெக்கானிக் வருகிறார். துறைமுகத்துக்குள் எஞ்சினை அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார். குறையொன்றும் இல்லை எனச் சொல்லிச் செல்கிறார். அவர் சொன்னது அந்நேரத்துக்கு உண்மையே. மறுநாள் படகு ஆற்றுமுகத்தைக் கடக்கையில் முதல் பெரிய அலை தொட்டியைக் குலுக்குகிறது. அடியில் படிந்திருந்தது யாவும் மேலெழுந்து வடிகட்டியை அடைக்கிறது, எஞ்சின் நிற்கிறது. மேற்குக் கரையில் ஆகஸ்டு முதல் நாள் என்பது பருவமழை ஓயாத நாள். முகத்துவாரத்து மணல்திட்டின்மேல் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்ற படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்வதற்கு வெகுநேரம் வேண்டியதில்லை.

ஆகவே, எண்ணெய்த் தொட்டியைத் தடைக்காலத்தின் முடிவில் கவனிப்பதைவிட அதன் தொடக்கத்தில் கவனிப்பதே முறை என்பது என் அபிப்பிராயம். களப் பணியாளரின் வருகைகளும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இதற்குத் தடையாக நிற்பது படகுக்காரரின் அசட்டை மாத்திரம் அன்று; நாம் அவர்களுக்குக் கொடுக்கும் எழுத்தும் ஒரு காரணம். 1952-ஆம் ஆண்டு நார்வே நாட்டுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுத் தொழில் வேரூன்றிய வரலாறு யாவரும் அறிந்ததே. எஞ்சின் நமக்குக் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அதைப் பேணும் முறையைக் கூறும் நூல்களிற் பலவும் அங்கிருந்தே வந்தன. அந்நூல்களில் படகின் ஓய்வுக் காலம் என்றால் பனிக்காலம். நீர் உறைந்து குழாய் வெடிக்காமல் காப்பதெப்படி என்று பக்கம் பக்கமாக அவை பேசும். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள என்போன்றோர் அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அனுப்பினால், உறைபனியைக் கண்டறியாத ராமேசுவரத்துக்காரர் அத்தாளை எதற்கு உபயோகிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வகையில் நம்மிடம் வந்து நிலைத்துவிட்ட ஓர் உபதேசம், 'ஓய்வுக்கு முன் தொட்டியை நிரப்பி வை' என்பது. தொட்டியில் காற்றுக்கு இடமிருந்தால் அக்காற்றிலுள்ள ஈரம் இரவின் குளிர்ச்சியில் துளித்து எண்ணெயில் சேரும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். காரணம் சரியே, அளவு என்ன? கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் தொட்டி பாதி காலியாக இருப்பதாகக் கொள்வோம். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வேறுபாடு என்றால், உள்ளிருக்கும் 500 லிட்டர் காற்று சுருங்கி விரிவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 லிட்டர் புதுக்காற்று உட்புகும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். எனவே நாளொன்றுக்கு அரை கிராம். 61 நாட்களுக்கு முப்பது கிராம். அவ்வளவும் துளித்து எண்ணெயில் விழுந்தாலும் இரண்டு மேசைக்கரண்டி நீர்தான்.

இனி மழையைக் கணக்கிடுவோம். மங்களூரில் ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்களில் சராசரியாக 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. படகின் மேல்தளத்தில் எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றியுள்ள குழிவு 10 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், அதன்மேல் மாத்திரம் ஏறத்தாழ 12 லிட்டர் மழைநீர் விழும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் ஒரு லிட்டருக்கு மேல் நீர் உட்செல்லும். முப்பது கிராமுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு டீசல் நிரப்பச் சொல்லும் நாம், சில ரூபாய் விலையுள்ள வாஷரைப் பற்றி வாய் திறப்பதில்லை!

மேலும், இரண்டு மாதம் வருவாயின்றி இருக்கப் போகும் குடும்பத்தலைவரிடம் தொட்டியை நிரப்பு என்பது எவ்வாறு பொருந்தும்? நெருக்கமாகக் கட்டி நிறுத்தப்பட்ட படகுகள் யாவும் நிறைந்த தொட்டியுடன் காவலின்றி நிற்பது நல்லதும் அன்று. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் பற்றிய தீ ஒரே இரவில் பல படகுகளை அழித்ததை மறக்கலாகாது. தொட்டியை நிரப்புவதால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. வசதியும் காவலும் உள்ளவர் நிரப்பட்டும். ஏனையோர்க்கு முதலில் சொல்ல வேண்டியவை வேறு.

படகைக் கரையேற்றுமுன், அது நீரில் மிதக்கும்போதே தொட்டியின் அடிநீரை வடித்துவிட வேண்டும். கரையேற்றிய படகு சாய்ந்து நிற்கும். அப்பொழுது நீர் வேறொரு மூலைக்குச் சென்றுவிடும், வடிதிருகைத் திறந்தாலும் வராது. ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கலாம். தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். வடிதிருகு இல்லாத தொட்டிகளும் உள. அவற்றில் கைப்பம்பின் குழாயைத் தாழ்ந்த மூலைவரை விட்டு உறிஞ்சுவதே வழி. வடித்ததைக் கடலில் கொட்டலாகாது. பின்னர் வடிகட்டியை மாற்றி, எஞ்சினைக் கால்மணி நேரம் ஓட்டினால், பம்பிலும் நாசிலிலும் தூய டீசல் நிறைந்து நிற்கும். இதுவும் மிதக்கும்போதே செய்யத்தக்கது. கரையில் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் கிடையாது. பம்பின் உள்ளே உருளைக்கும் உலக்கைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. அங்கே ஒரு துளி நீர் இரண்டு மாதம் தங்கினால் துரு ஏறி இறுகிவிடும்.

மூடிக்குப் புது வாஷர் இட்டு, அதன்மேல் தார்ப்பாய்த் துண்டைக் கட்டலாம். காற்றுக் குழாயை மட்டும் அடைத்துவிடக் கூடாது. வெயிலில் எண்ணெய் விரியும்போது தொட்டிக்கு மூச்சு வேண்டும். அதன் வாய் கீழ்நோக்கி வளைந்திருந்தால் போதும். நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை நீரை வடிப்பதற்கு மாற்றாகக் கருதலாகாது. செத்த படலமும் வடிகட்டியை அடைக்கத்தான் செய்யும்.

வெளிப்பொருத்து எஞ்சின்களில் பெட்ரோல் உபயோகிப்போர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டிற்று. எத்தனால் நீரை ஈர்ப்பது. ஓரளவுவரை நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அதன்பின் அந்தப் பெட்ரோலை எக்காரணத்துக்காகவும் எஞ்சினுக்கு ஊற்றலாகாது. ஆதலின் இங்கே நிரப்புவதா வடிப்பதா என்ற வாதத்துக்கே இடமில்லை: தொட்டி, குழாய், கார்புரேட்டர்க் கிண்ணம் மூன்றையும் காலி செய்துவிட வேண்டியதுதான்.

கிழக்குக் கரையின் ஓய்வுக் காலம் கத்தரி வெயிலில் வருவது. மேற்கே வருவது மழையில். ஒரே தாளை இரு கரைகளுக்கும் அனுப்புவது பொருந்தாது. கிழக்கே ரப்பர்க் குழாய்கள் வெயிலில் வெடிப்பதைப் பற்றியும், மேற்கே மூடியைப் பற்றியும் முதலில் எழுத வேண்டும். லட்சத்தீவுகளின் நிலை இன்னும் கடினமானது. சூரை மீன் பிடிக்கும் படகுகளை அங்கே பருவமழை தொடங்குமுன் கரையேற்றிவிடுவர். ஒரு நாசில் கெட்டால் மாற்று நாசில் கடல் கடந்து வந்தாக வேண்டும்.

கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இதில் பெரிதும் உதவலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசலும் ஒரு கரண்டி நீரும் இட்டுக் குலுக்கி மேசைமேல் வைத்தால், நீர் கீழிறங்கும் காட்சியை மாணவர் காண்பர். மீண்டும் மெல்ல அசைத்தால் அது கலங்கி எழுவதையும் காண்பர். அடர்த்தி என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் அப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. வீட்டில் தகப்பனாரிடம் அதைச் சொல்லவும் செய்வர். பெட்ரோலை வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது.

துண்டுத்தாள்கள் தடை தொடங்கிய பின் வந்து பயனில்லை. கிழக்குக் கரை நிலையங்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலும், மேற்குக் கரைக்கு மே மாதம் மூன்றாம் வாரத்திலும் அவை சேர்ந்துவிட வேண்டும். லட்சத்தீவுகளுக்கு அதற்கும் முன்னரே கப்பலேற்ற வேண்டும்.