பரிசுப் பொருளா பெண்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளிலும் கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் சிறுவர்கள் கையடக்கத் தொலைபேசியில் மூழ்கியிருப்பது இன்று சாதாரண காட்சியாகிவிட்டது. 2020 இல் கொரோனாப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்விக்கென வீட்டுக்குள் வந்த கருவி, விளையாட்டுக்காக அங்கேயே தங்கிவிட்டது. நேரம் வீணாகின்றது, கண் கெடுகின்றது எனக் கவலைப்படும் பெற்றோர், அவ்விளையாட்டுகளில் பெண் எவ்வாறு காட்டப்படுகின்றாள் என்பதை நோக்குவதில்லை.

1981 இல் வெளியான டொங்கி கொங்கில் ஒரு குரங்கு பெண்ணைக் கடத்துகின்றது. ஆண் அவளை மீட்கின்றான். 1985 இன் சுப்பர் மரியோவிலும் இளவரசிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. 1986 இல் வந்த மெட்ரொயிட் இன்னும் விசித்திரமானது. கவசமணிந்து போரிடுபவர் ஒரு பெண் என்பது இறுதியிலேயே தெரியவரும். மிக விரைவாக ஆடி முடித்தவருக்கு அவளை நீச்சலுடையில் காட்டுவதே வெகுமதி!

இதனைப் பலர் ஆடைப் பிரச்சினையாக மட்டுமே கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மரியோவின் இளவரசி உடல் முழுவதையும் மூடியே உடுத்தியிருக்கின்றாள். ஆயினும் அவள் பரிசுப் பொருளே. இக்குறைகளை 2013 முதல் காணொளித் தொடரொன்றில் எடுத்துக்காட்டிய அனிட்டா சர்கீசியன், 2014 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையைத் துப்பாக்கிச்சூட்டு மிரட்டல் காரணமாகக் கைவிட நேர்ந்தது.

இம்மாவட்டத்தின் அனுபவமோ முற்றிலும் வேறு. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து முஸ்லிம் தாய்மார் கந்தளாய் நோக்கியும், அதே ஆண்டில் சம்பூர்ப் பகுதித் தமிழ்த் தாய்மார் வாகரை நோக்கியும் பிள்ளைகளுடன் வெளியேறினர். யாரும் வந்து மீட்பார்களென அவர்கள் காத்திருக்கவில்லை. அத்தகைய தாய்மாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று திரையில் வேறொரு பெண்ணைக் கண்டு வளர்கின்றனர்.

இந்நிலையில் இரு சமூகத்துப் பெற்றோரும் பெரும்பாலும் செய்வது, பெண்பிள்ளையிடமிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொள்வதாகும். பையனிடம் அது அப்படியே இருக்கின்றது. திருத்தம் தேவைப்படுபவர் யார் என்ற கேள்வி இங்கு எழுவதேயில்லை.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. கொல்கத்தாக் கலைஞர் லீனா கெஜ்ரிவால் 2016 இல் வெளியிட்ட 'மிஸ்ஸிங்' விளையாட்டில், கடத்தப்பட்ட சிறுமியின் நிலையில் நின்று ஆடுபவரே முடிவுகளை எடுக்க வேண்டும். புனே நிறுவனமொன்று 2020 இல் வெளியிட்ட 'ராஜி'யில் தம்பியை மீட்கப் புறப்படுபவள் அக்கா.

செயலி அங்காடிகளில் காணப்படும் வயதுக் குறியீடு, தயாரித்தவர் வினாக்கொத்துக்கு அளிக்கும் பதில்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஆகவே அதனை மட்டும் நம்பியிருக்க இயலாது. பாடசாலைகளுடன் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அறநெறிப் பாடசாலைகளும் இவ்விடயத்தைப் பெற்றோர் கூட்டங்களில் பேச முன்வர வேண்டும். அதற்கு முன்னர், மகன் ஆடும் விளையாட்டை அரை மணி நேரமாவது அருகிலிருந்து பார்க்குமாறு தந்தையரைக் கேட்டுக்கொள்கின்றோம்.