அந்த நாயை யார் பார்த்துக்கொள்வது?

உயர்நிலை மூன்றில் படித்தபோது அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "நாய் மட்டும் வரட்டும்மா. நடக்கக் கூட்டிட்டுப் போறது, குளிப்பாட்டுறது, சுத்தம் பண்றது எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்." அந்த வாக்கைச் சரியாக ஏழு மாதம் காப்பாற்றினேன். எட்டாவது மாதம் உயர்நிலை நான்கு தொடங்கியது.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் நாய் இருப்பது தெரிந்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய் வீட்டுக்கு ஒத்துவருமா? கடிக்காதா? கடையில் வாங்கும் குட்டியைப்போல் பழகுமா?

என் அனுபவத்தில், பெரும்பாலான நாய்கள் நன்றாகவே ஒத்துவரும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் 'மீட்கப்பட்ட நாய்' என்பது ஒரே வகை அல்ல. சிங்கப்பூரின் காப்பகங்களில் இருப்பவற்றில் பல, தொழிற்பேட்டைகளிலும் காட்டோரங்களிலும் பிறந்த உள்ளூர்க் கலப்பின நாய்கள். சில, குட்டி போடுவதற்காகவே பண்ணைகளில் வைத்திருந்து வயதானதும் கைவிடப்பட்டவை. இன்னும் சில, உங்களையும் என்னையும்போல் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு முடியவில்லை என்று ஒப்படைத்தவை. தெருவில் வளர்ந்ததற்கு மனிதக் கையைக் கண்டால் பயமாக இருக்கலாம். வீட்டில் வளர்ந்ததற்கு அந்தப் பயம் இல்லாவிட்டாலும் தனிமையைத் தாங்க முடியாமல் போகலாம். ஒவ்வொன்றும் ஒரு கதையோடு வருகிறது.

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில் வசிக்கிறோம். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்கவேண்டும். உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு அந்தப் பட்டியலில் நீண்ட காலம் இடமில்லை. 2012ஆம் ஆண்டு 'அடோர்' திட்டம் தொடங்கிய பிறகே அவை வீவக வீட்டுக்குள் வர வழி பிறந்தது. 2020இல் விதிமுறைகள் தளர்த்தப்பட்டன. எடை வரம்பு நீக்கப்பட்டது. தோள்வரை உள்ள உயர வரம்பு 50 சென்டிமீட்டரிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு உயர்ந்தது. நாய்க்குக் கருத்தடை செய்து, மைக்ரோசிப் பொருத்தி, உரிமம் எடுக்கவேண்டும். அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சிக்கும் அனுப்பவேண்டும்.

இந்த உயரக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். கலப்பினக் குட்டி வளர்ந்தபின் எவ்வளவு உயரம் இருக்கும், எப்படிப்பட்ட குணம் இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வயதான நாயிடம் அந்தச் சந்தேகம் குறைவு. குழந்தைகளைக் கண்டால் என்ன செய்யும், மற்ற நாய்களோடு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதைப் பராமரித்தவர்களுக்கு ஓரளவு தெரியும். முதல்முறை நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு வளர்ந்த நாய் பல வேளைகளில் நல்ல தேர்வு.

எங்கள் கோப்பி துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வந்தவன். அங்குள்ள ஊழியர்கள் மீந்த சோற்றைப் போட்டு வளர்த்த நாய். காப்பகத்தார் இரண்டு வயது இருக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் என் கட்டிலுக்கு அடியைவிட்டு வெளியே வரவில்லை. நாங்கள் எல்லாரும் தூங்கிய பிறகுதான் சாப்பிட்டான். எங்கள் வீடு பத்தாவது மாடியில். மின்தூக்கியைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகரமாட்டான். இரண்டு வாரம் காலையும் மாலையும் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினோம். பூசை அறை இருக்கும் வீட்டுக்குள் தெருநாயா என்று பாட்டி முகம் சுளித்தார். வைரவருக்கு வாகனமே நாய்தானே பாட்டி என்று நான் சொன்னதற்கு, "அவர் அதைக் கட்டில்ல படுக்க வைக்கலையே" என்றார்.

நாய் வளர்ப்போர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாளில் நாய் பயந்திருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம் வரும். இது அறிவியல் விதி அல்ல, அனுபவக் கணக்கு. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. நாய்க்குட்டி பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை உலகத்தோடு பழகும் பருவம். அந்த நாள்களில் அது கண்டு பழகிய ஒலிகளும் மனிதர்களும் பிற்காலத்தில் அதற்கு இயல்பாகத் தெரியும். அப்போது மின்தூக்கியையே பார்க்காத நாய்க்கு, தானாகத் திறந்து மூடும் இரும்புப் பெட்டி பயமாகத்தான் இருக்கும். பிறகு கற்றுக்கொள்ள முடியாது என்பதில்லை. மெதுவாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு நம் நேரம் வேண்டும்.

நேரம் என்று வரும்போதுதான் நான் தோற்றேன். சாதாரண நிலைத் தேர்வு நெருங்கியதும் துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை என்று இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். கோப்பி பகல் முழுவதும் தனியாக இருந்தான். பாட்டி அப்போது சித்தப்பா வீட்டில் இருந்தார். கோப்பி ஊளையிடத் தொடங்கினான், கதவைப் பிறாண்டினான். பக்கத்து வீட்டு அக்கா கோபப்படாமல்தான் வந்து சொன்னார், அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. காலையில் அவனை நடக்கக் கூட்டிச் சென்றது இரவு வேலை முடித்து வந்த அம்மா. நாயே வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, காப்பகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது உண்மை. ஆனால் அந்த அழுகையால் அம்மாவுக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

அன்று நாங்கள் செய்தது, முதல் நாளே செய்திருக்கவேண்டியது. நால்வரும் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டோம். காலை நடை அப்பாவுக்கு. மாலை நடை தங்கைக்கு. வாரத்தில் மூன்று இரவும் சனி, ஞாயிறும் எனக்கு. அம்மாவுக்கு எதுவும் இல்லை. காப்பகத்துத் தொண்டூழியர் ஒருவர் வந்து, நாயைத் தனிமைக்குப் பழக்குவது எப்படி என்று காட்டினார். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணி நேரம். ஊளை நிற்க இரண்டு மாதம் ஆனது. பின்னர் நான் தேசிய சேவைக்குப் போனபோது அந்த அட்டவணையால்தான் கோப்பிக்கு எந்தக் குறையும் வரவில்லை. பாட்டி திரும்பி வந்த பிறகு அட்டவணையில் தாமாகவே ஒரு நேரத்தைச் சேர்த்துக்கொண்டார்: பிற்பகல் தேநீர், பிஸ்கட்.

நான் சொன்ன நிபந்தனை இதுதான்: நாயைத் தத்தெடுப்பது பிள்ளையாக இருக்கக்கூடாது, குடும்பமாக இருக்கவேண்டும். பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழக்கூடிய ஓர் உயிர் அது. இன்று பதினைந்து வயதான உங்களுக்கு அந்தக் காலத்தில் பெரிய தேர்வுகள், பலதுறைத் தொழிற்கல்லூரியோ தொடக்கக் கல்லூரியோ, தேசிய சேவை, முதல் வேலை என எல்லாம் வந்துபோகும். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று நாம் சொல்வது பொய் இல்லை. ஆனால் நிறைவேற்ற முடியாத வாக்கு.

எல்லா நாயும் எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. கடித்த வரலாறு உள்ள நாயையோ, மிகவும் மிரளும் நாயையோ கைக்குழந்தையும் தள்ளாத முதியவரும் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருவது சரியல்ல. நல்ல காப்பகம் இதை வெளிப்படையாகச் சொல்லும், உங்கள் வீட்டைப் பற்றியும் நிறையக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளைக் கண்டு எரிச்சலடையாதீர்கள். மின்தூக்கியில் நாயைத் தொட விரும்பாத, நாய்க்குப் பயப்படும் அண்டை வீட்டாரும் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் நாய் வளர்ப்பின் ஒரு பகுதி.

செலவையும் பேசவேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஓராண்டு உரிமம் 15 வெள்ளிதான். உணவு, தடுப்பூசி, உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் தடுப்பு மருந்து, திடீரென்று வரும் மருத்துவச் செலவு ஆகியவைதான் பெரியவை. முடியாமல்போனால் எங்காவது விட்டுவிடலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. செல்லப்பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல்முறை குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வீட்டில் ஒருவர் தயங்கினாலும் காத்திருங்கள். அதுவரை நாய்களோடு உறவே இல்லாமல் இருக்கவேண்டியதில்லை. சுங்கை தெங்காவில் உள்ள 'தி அனிமல் லாட்ஜ்' வளாகத்தில் பல காப்பகங்கள் இயங்குகின்றன. தொண்டூழியத்துக்கான வயது நிபந்தனையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை கூண்டு கழுவப் போங்கள். ஆறு மாதம் கழித்தும் போய்க்கொண்டிருந்தால், வீட்டில் பேசுவதற்கு உங்கள் கையில் ஒரு நல்ல சான்று இருக்கும்.

இதை எழுதும்போது கோப்பி என் நாற்காலிக்குக் கீழே படுத்திருக்கிறான். அவன் முகவாயில் நரை விழுந்துவிட்டது. மணி எட்டாகப் போகிறது. அட்டவணைப்படி இன்று என் முறை.