எள்ளை ஒதுக்காதீர்கள்

நாட்டு மருந்துக் கடையில் சளிக்கு மருந்து கேட்பவர்கள் சளி என்றே சொல்லிக் கேட்கிறார்கள். மூட்டுவலிக்கும் மூலத்துக்கும்கூட அப்படித்தான். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உடம்பு ரொம்பச் சூடா இருக்குண்ணே, ஏதாச்சும் குடுங்க" என்கிறார்கள். கடைக்காரரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. வெட்டிவேர், நன்னாரி, சப்ஜா விதை என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்.

மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த அளவோடு முடிந்துவிடுகிறது. பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, தாய்மாமன் சீரோடு ஊருக்கே சொல்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் லேகியமும் உண்டு. மாதவிடாய் நிற்கிறவளுக்கென்று தனியாக ஒரு சமையல் எந்த வீட்டிலும் நடந்து நான் பார்த்ததில்லை. அந்த வயதில் வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறவளே அவள்தான். கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான். இந்த வாரம் அவளுடைய தட்டைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது 51 வாக்கில் நடக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. படுத்தி எடுப்பது அதற்கு முந்தைய சில வருடங்கள். இரண்டு மாதம் வராது, பிறகு கொட்டித் தீர்க்கும். தூக்கம் போகும். காரணமில்லாமல் அழுகை வரும், பிள்ளைகள் மேல் சள்ளென்று விழத் தோன்றும். என் அக்கா ஒருநாள் போனில், "சொல்லவே கூச்சமா இருக்குடி. ராத்திரி குப்புன்னு வேர்த்து தலகாணியெல்லாம் நனைஞ்சுபோகுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஹார்ட்டுதான் போலன்னு பயந்து ஈசிஜி எடுத்துட்டு வந்தேன்" என்றாள். ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. படபடப்பு என்றால் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது சரியான காரியம்தான். ஆனால் அவளுடைய மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று அங்கே யாருமே கேட்கவில்லை.

குப்பென்று ஏறும் அந்தச் சூடு வயிற்றிலிருந்து வருவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது அது தடுமாறுகிறது. வெப்பம் கடுகளவு கூடினாலும் பெரிய ஆபத்து வந்ததுபோல ரத்த நாளங்களை விரித்து வேர்க்க வைத்துவிடுகிறது. சாப்பிட்ட பண்டம் இதற்குக் காரணமல்ல. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபியும் அதிகக் காரமும் சிலருக்கு அதைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொள்ளாததால் ஒரு விபரீதம் நடக்கிறது. உடம்பு சூடு என்று முடிவு கட்டியதும் வீட்டில் விலக்குப் பட்டியல் போடுவார்கள். எள் சூடு, முட்டை சூடு, கருவாடு சூடு, கொள்ளு சூடு. மிச்சம் இருப்பது மோரும் சோறும். பாவம், அவளும் அதையே இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள். எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது எதுவோ, அதை அந்த வயதில் பார்த்து அவள் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். பின்னாளில் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறதே, அதற்கான இழப்பு இந்த வருடங்களில்தான் தொடங்குகிறது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் எள்ளில் ஆயிரத்துக்கு மேல். அவ்வளவு எள்ளை யாரும் சாப்பிட முடியாது, ஆனால் தினம் ஒரு எள்ளுருண்டையோ இட்லிக்கு எள்ளுப்பொடியோ எந்த வீட்டுக்கும் எட்டாத பொருளில்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, தயிர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு நெருங்கிவரும். பிரண்டைத் துவையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரெடுத்து, நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைத்தால் நாக்கு அரிக்காது. உளுந்தங்களியை வயசுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் என்று யார் சொன்னது? அவளுடைய அம்மாவுக்கும் அதே சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். புரதம் குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் முட்டிக்குப் பாரம். தினம் ஒரு வேளையாவது சுண்டலோ முட்டையோ மீனோ அவள் தட்டில் இருக்கட்டும், குழம்பின் அடியில் மிஞ்சியதாக அல்லாமல் முதல் கரண்டியில்.

இனி மூலிகைகள். இங்கேதான் விளம்பரக்காரர்கள் நம்மைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆளி விதை தின்றால் அந்தச் சூடு அடங்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 188 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு ஆளி விதை சேர்த்த தின்பண்டம், மறு சாராருக்கு அது சேர்க்காதது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதலான பெண்களுக்குச் சூடு பாதியாகக் குறைந்திருந்தது. யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், நமக்கென்று ஏதோ தரப்படுகிறது என்பதே பாதி மருந்தாக வேலை செய்கிறது. நாட்டு மருந்துப் பொட்டலத்தால் பலருக்கு நிம்மதி கிடைப்பதும் பொய்யில்லை. ஆளி விதையைப் பொடி செய்து மோரில் கலந்து குடியுங்கள், நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் கிடைக்கும். அதிசயம் நடக்கும் என்று மட்டும் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அமுக்கரா கிழங்கு தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் சிலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது, தைராய்டு அளவை அது கூட்டிவிடும். அரிதாகக் கல்லீரலும் கெட்டிருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குக் கொடுத்துவந்த மருந்து. அதையும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று அளவு தெரியாமல் விழுங்க வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. நாடி பார்த்து, மற்ற மாத்திரைகளையும் கேட்டு மருந்து தர அங்கே படித்த மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் எந்த மூலிகையையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வாழ்க்கை முறையை மாற்றுங்கள் என்று சொல்வது எளிது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு டப்பா கட்டி, பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவளிடம் போய் யோகா செய் என்றால் அவள் எப்போது செய்வாள்? திருப்பூரில் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருப்பவளுக்கு, வேர்த்து நனைந்த ரவிக்கையோடு எழுந்து முகம் கழுவிவரக்கூட சூப்பர்வைசர் தயவு வேண்டும். அவளுக்குத் தேவையான முதல் மருந்து மாலையில் அரை மணி நேரம். வேகமாக நடப்பது, மாடிப்படி ஏறுவது, இரண்டு தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது, இவை எலும்பையும் தசையையும் காப்பாற்றும். எடை குறைந்தால் சூட்டின் வேகமும் குறைகிறது. அந்த அரை மணி நேரத்தை வீட்டில் இருக்கும் ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும்தான் தர முடியும். இரவுப் பாத்திரங்களை அவர்கள் கழுவட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்குத் தாங்க முடியாது. இந்தச் சூடு சராசரியாக ஏழு வருடம்வரை வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. ஏழு வருடம் தூக்கமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை இயற்கை வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஹார்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் என்று அலறுகிறோம். அந்தப் பயம் 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கெடுத்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு, தடை சொல்லும் நோய்கள் எதுவும் இல்லையென்றால், கெடுதலைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவர்களின் கருத்து. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. அதே போல, இருமினால் சிறுநீர் கசிவதற்கும், தாம்பத்தியத்தில் வறட்சியால் எரிவதற்கும் வைத்தியம் இருக்கிறது. கசிகிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் நம் பெண்கள். இடுப்புத் தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்லித்தருவார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

உதிரம் அதிகமாகப் போகிறது என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். மாத்திரையிலோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனத்திலோ சரியாகும் உதிரப்போக்குதான் பெரும்பாலும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெதுவாக வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்கும்.

கடைசியாக ஒன்று, இதை வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டிவைத்தாலும் சரி. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரே ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், "சூடுதான், மோர் குடிச்சாச் சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சாதாரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அறிகுறியும் அதுதான், ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குணப்படுத்தக்கூடியது. அந்த வாரத்திலேயே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். அக்காவையோ அம்மாவையோ நாத்தனாரையோ கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டாவது போங்கள்.