கடலடி மண்சரிவும் காணாத அபாயமும்

இந்து சமுத்திரத்தில் எங்கேனும் பாரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டதாகச் செய்தி வந்தால் எமது கரையோர மக்கள் அச்சத்துடன் கடலை நோக்குகின்றனர். 2004 டிசெம்பர் 26 விட்டுச்சென்ற வடு அது. ஆனால், பெரும் பூமியதிர்ச்சி எதுவுமின்றியே கடல் பொங்கக்கூடும் என்பதை 2018 டிசெம்பர் 22 இரவு இந்தோனேஷியா கண்டது. அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலுள் வீழ்ந்ததால் எழுந்த அலைகள் ஜாவா, சுமாத்திரா கரைகளில் 400 இற்கும் அதிகமானோரைப் பலிகொண்டன. அலைகள் கரையை அடையும்வரை எச்சரிக்கை எதுவும் விடுக்கப்படவில்லை. பூமியதிர்ச்சியைக் கொண்டே சுனாமியை ஊகிக்கும் ஏற்பாட்டிடம் அதனை எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

மலையகத்தின் மண்சரிவுகளை நாம் அறிவோம். கண்டமேடையின் விளிம்பிலும் அதுவே நிகழ்கின்றது. நதிகளும் பனிக்கட்டியாறுகளும் கொண்டுவரும் சேறு கண்டச்சாய்வில் விரைவாகக் குவியும்போது அதனிடையே சிக்கிய நீர் வெளியேற முடிவதில்லை. நீரமுக்கம் கூடக்கூட மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. அதன்பின் ஓர் அதிர்வு போதும். ஓரிரு பாகை சரிவே உள்ள இடங்கள்கூட வழுக்கிச் செல்கின்றன என்பதுதான் வியப்பு. நோர்வேக்கு அப்பால் சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன்னர் ஏறத்தாழ 3,000 கன கிலோமீற்றர் மண் இவ்வாறு பெயர்ந்தது. 'ஸ்டொரெகா' எனப்படும் அச்சரிவின் அலைகள் ஸ்கொட்லாந்தின் கரையில் மணற்படையை விட்டுச்சென்றுள்ளன.

1929 நவம்பர் 18 இல் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிகழ்ந்தது இன்னும் தெளிவான சாட்சி. பூமியதிர்ச்சியை அடுத்து, கடலடித் தந்தி வடங்கள் 12 அறுந்தன. அவற்றுட் பல ஒரே வேளையில் அன்றி, ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கான இடைவெளியில் அறுந்தன. சுனாமி 28 உயிர்களைக் குடித்தது. வடங்களை அறுத்தது சரிவிலிருந்து பிறந்த சேற்றோட்டமே என்பதை ஹீசனும் ஈவிங்கும் 1952 இலேயே எடுத்துக்காட்டினர்.  1998 ஜூலையில் பப்புவா நியூகினியில் 2,000 இற்கும் அதிகமானோர் மாண்டபோதே இவ்வபாயம் உலகின் கவனத்தைப் பெற்றது.

உலகின் மிகப்பெரிய கடலடி வண்டல் விசிறி எமது அயலில், வங்காள விரிகுடாவிலேயே உள்ளது. அதனால் நாளையே அனர்த்தம் நேரும் எனக் கூறுவது பொறுப்பற்ற செயல். எனினும், பூமியதிர்ச்சிமானியை மட்டும் நம்பியிராது, கடல்மட்டத்தையே இடைவிடாது அளக்கும் மிதவைகளும் அலைமானிகளும் பழுதின்றி இயங்குவதற்கு பிராந்திய நாடுகள் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவேண்டும். பொருத்திய கருவியைப் பராமரிக்கும் செலவே வழமையில் முதலில் வெட்டப்படுகின்றது.